லைனை யாரு இழுக்குறது?: அலுவலக நெட்வொர்க்கில் அளவும் வேவும்

அளப்பது ஒன்று, வேவு பார்ப்பது வேறொன்று. ஒரே கருவி இரண்டையும் செய்கிறது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஆனால் கருவி ஒன்றாக இருப்பதாலேயே முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு நழுவுவது ரொம்ப சுலபம். நழுவியது யார் கண்ணிலும் படாமல் போவதும் சுலபம். 'நெட் ஸ்லோவா இருக்கு' என்று அலுவலகத்தில் ஆரம்பிக்கிற பேச்சு, 'யாரு இவ்வளவு இழுக்குறது?' என்று மாறி, 'அப்படி என்னத்தப் பாத்துக்கிட்டிருக்கான்?' என்று முடிவதை வேலைக்குப் போகிற எவரும் கேட்டிருக்கலாம். முதல் வாக்கியம் ஒரு கம்பியைப் பற்றியது. இரண்டாவது ஒரு கம்ப்யூட்டரைப் பற்றியது. மூன்றாவது ஒரு மனிதரைப் பற்றியது. நடுவே இருக்கிற இரண்டு தாவல்களும் தொழில்நுட்பம் கோருபவை என்றுதான் நமக்குச் சொல்லப்படுகிறது. அப்படியில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குமுன் கம்பிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிட வேண்டும். 'கண்காணிப்பு', 'அதிகாரம்' என்ற சொற்களை நம் பக்கங்களில் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. எந்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

ஓர் அலுவலகம். நாற்பது கம்ப்யூட்டர்கள். வெளியுலகத்துக்குப் போக ஒரே ஒரு லைன். அதன் அகலம் விநாடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால், விநாடிக்கு 12.5 மெகாபைட். (லைன் விற்கிறவர் பிட்டில் சொல்வார், நாம் இறக்குகிற கோப்பு பைட்டில் இருக்கும். பாதிச் சண்டை இங்கேயே தொடங்கிவிடுகிறது.) இந்த அகலத்துக்குத்தான் பேண்ட்விட்த் என்று பெயர். இதில் எதுவும் முழுசாகப் போவதில்லை. கடிதமானாலும் சினிமாவானாலும் சுமார் 1500 பைட் கொண்ட சிறுசிறு பொட்டலங்களாக உடைக்கப்பட்டுத்தான் போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு விலாசச் சீட்டு ஒட்டியிருக்கும்: எந்த எண்ணிலிருந்து, எந்த எண்ணுக்கு, எந்த வாசல் வழியாக. உள்ளே இருப்பது என்ன என்ற கவலை வழியிலிருக்கும் எந்தப் பெட்டிக்கும் கிடையாது. தபாலைக் கொண்டுசேர்க்க உறை போதும்.

கம்பிகளெல்லாம் வந்து சேரும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். மிக மலிவானவற்றைத் தவிர்த்து மற்ற சுவிட்சுகளில் ஒவ்வொரு துளைக்கும் ஓர் எண்ணி உண்டு. உள்ளே வந்த பைட் எத்தனை, வெளியே போன பைட் எத்தனை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். வீட்டு வாசலில் இருக்கிற கரண்ட் மீட்டர் மாதிரி. நீங்கள் விளக்கைப் போட்டீர்களா, கிரைண்டரைப் போட்டீர்களா என்று மீட்டருக்குத் தெரியாது. இந்த எண்ணியிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் முறை ஒன்று 1988இல் வரையறுக்கப்பட்டது. எஸ்.என்.எம்.பி. என்பார்கள். பழைய எண்ணிகள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். 100 மெகாபிட் லைன் முழுக்க நிரம்பி ஓடினால் ஆறு நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். எனவே அதைவிடக் குறைந்த இடைவெளியில், வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, போய்க் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். போன குறிப்புக்கும் இந்தக் குறிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை 300 விநாடியால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். அளத்தல் என்பது அதன் ஆதி வடிவத்தில் இவ்வளவுதான்.

இந்த ஆதி வடிவத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, சொல்லத்தக்கது. 1994இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு வெளியுலகத் தொடர்பாக இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். லைன் எப்படி இருக்கிறது என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. அங்கே வேலை பார்த்த டோபியாஸ் ஓய்ட்டிக்கர் என்பவர் அதற்காக ஒரு சின்ன நிரல் எழுதினார். எம்.ஆர்.டி.ஜி. என்ற பெயரில் 1995இல் அதை இலவசமாக வெளியிட்டார். உள்ளே வருவது பச்சை நிறத்தில், வெளியே போவது நீலக் கோடாக. உலகம் முழுக்க நெட்வொர்க் அறைகளில் இந்தப் பச்சையும் நீலமும் பல வருடங்கள் ஓடின. அந்த வரைபடம் எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் போடப்பட்டது என்பதுதான் இதில் கவனத்திற்குரியது. பொதுக் குழாயில் தண்ணீர் எந்நேரம் வரும் என்று தெருவில் எழுதிப் போடுவது போல. அதில் பெயர் கிடையாது. பொதுச் சொத்தின் நிலையைப் பொதுமக்களுக்கே காட்டும் வரைபடம் அது. மேலிருந்து கீழே பார்க்கும் கண் அதற்கு இருக்கவில்லை.

அடுத்த கட்டம் 1996இல் வருகிறது. சிஸ்கோ கம்பெனியின் ரவுட்டர்களில் நெட்ஃப்ளோ என்ற வசதி. அது பைட்டை மட்டும் எண்ணுவதோடு நிற்பதில்லை. விலாசச் சீட்டைப் படித்து ஒரு பேரேடு எழுதுகிறது. இந்த எண்ணிலிருந்து அந்த எண்ணுக்கு, இந்த வாசல் வழியாக, இத்தனை மணிக்குத் தொடங்கி இத்தனை மணிக்கு முடிந்தது, இத்தனை பொட்டலம், இத்தனை பைட். உள்ளே என்ன பேசினார்கள் என்பது இருக்காது. கறாராகச் சொன்னால் இது ஒரு டெலிஃபோன் பில். 'உள்ளடக்கத்தைப் பார்க்கவில்லையே, பில்லைத்தானே பார்த்தோம்' என்று நிர்வாகங்கள் சொல்வதும் இந்தக் கட்டத்தில்தான்.

பில் ஒன்றும் அப்பாவி அல்ல. இரவு ஒன்பது மணிக்கு ஒருவருடைய கம்ப்யூட்டர் தொழிற்சங்கத்தின் தளத்துக்குப் போகிறது. மறுநாள் காலை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு, அன்று மதியம் ஒரு பத்திரிகையின் மின்னஞ்சல் சேவைக்கு. மூன்று வரிகள், உள்ளே ஒரு சொல்கூடத் திறக்கப்படவில்லை. கதை முழுக்கத் தெரிந்துவிட்டது. 'கோப்லண்டு எதிர் ஐக்கிய ராச்சியம்' என்ற வழக்கு இதைப் பற்றியதுதான். வேல்ஸ் நாட்டில் ஓர் அரசுக் கல்லூரியில் முதல்வரின் உதவியாளராக இருந்த பெண்ணின் ஃபோன் பில், மின்னஞ்சல் முகவரிகள், போன தளங்கள், போன நேரம், இருந்த நேரம் ஆகியவற்றை அவருக்குச் சொல்லாமல் எடுத்து அலசினார்கள். உள்ளடக்கத்தைத் தொடவில்லை என்பது அரசின் வாதம். ஸ்ட்ராஸ்பர்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 ஏப்ரல் 3 அன்று அதை ஏற்க மறுத்தது. அவருக்குத் தெரியாமல் அந்தத் தகவலைத் திரட்டி வைத்ததே அந்தரங்கத்தில் தலையிட்டதாகும், அப்படிச் செய்ய அன்றைக்குச் சட்டமும் இருக்கவில்லை என்றது.

மூன்றாவது கட்டம் உறையைப் பிரிப்பது. சுவிட்சின் ஒரு துளையில் போவதையெல்லாம் இன்னொரு துளைக்கு நகல் எடுத்து அனுப்பச் சொல்லலாம். அங்கே ஒரு கம்ப்யூட்டரை வைத்து ஒவ்வொரு பொட்டலத்தையும் பிடிக்கலாம். இதற்கான டி.சி.பி.டம்ப் என்ற நிரல் 1988இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் எழுதப்பட்டது. பிழை கண்டுபிடிக்க அதைப் போன்ற கருவி இல்லாமல் முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இன்று பெரும்பாலான போக்குவரத்து பூட்டப்பட்டே போகிறது. முகவரிக் கட்டையில் பூட்டுச் சின்னம் பார்த்திருப்பீர்கள். பூட்டிய பிறகும் எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டீர்கள் என்பது பெரும்பாலும் வெளியே தெரிகிறது. எந்தப் பக்கம், என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் கம்பெனியுடையது என்றால் இந்தப் பூட்டுக்கும் ஒரு கள்ளச்சாவி உண்டு. கம்பெனி தன்னுடைய அத்தாட்சி ஒன்றை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் முன்கூட்டியே பதித்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடுவே இருக்கும் பெட்டி உங்கள் கடிதத்தை வாங்கிப் பிரித்து, படித்து, மறுபடி ஒட்டி அனுப்பும். திரையில் பூட்டுச் சின்னம் அப்படியே இருக்கும். இதையும் 'நெட்வொர்க் பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள்.

ஆக எண்ணி, பேரேடு, பிரித்த உறை. லைன் மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்கு இவற்றில் எது தேவை? முதலாவதே பெரும்பாலும் போதும் என்றுதான் சொல்வேன். ஏனென்றால் 'இழுப்பவர்' என்ற ஆளே பல சமயம் இல்லை.

எண்ணி காட்டுவது ஒரு துளையை. துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கும், கம்ப்யூட்டரிலிருந்து ஆளுக்கும் போக நாம்தான் பாலம் போடுகிறோம். கம்ப்யூட்டருக்குக் கிடைக்கிற எண் நிரந்தரமானதல்ல. காலையில் வந்ததும் வாடகைக்குக் கொடுக்கப்படுவது, வேறொரு நாள் வேறொருவருக்குப் போகக்கூடியது. அட்டையில் பொறித்த எண் நிரந்தரம் என்றிருந்த காலமும் போய்விட்டது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து வைஃபையில் சேரும்போது ஃபோன்கள் பொய் எண்ணைச் சொல்கின்றன. வேவைத் தடுப்பதற்காகவே. ஒரே மேசையில் பகலில் ஒருவர், ராத்திரி ஒருவர் உட்கார்கிற இடங்களில் கதை இன்னும் சிக்கல். இவ்வளவு பாலங்களும் சரியாக நின்றால்தான் 'மூன்றாவது வரிசையில் இருக்கிற பொண்ணுதான் சார்' என்ற வாக்கியம் உண்மையாகும்.

அப்படியே உண்மையானாலும், அந்தப் பெண் இழுத்தாளா, கம்ப்யூட்டர் இழுத்ததா? 2015இல் வந்த விண்டோஸ் 10, தான் இறக்கிய புதுப்பிப்புகளைப் பக்கத்துக் கம்ப்யூட்டர்களுக்கும் பகிர்ந்து அனுப்பும் வசதியோடு வந்தது. யாரையும் கேட்காமல். இன்னொரு உதாரணம்: ஒருவர் ஃபோனில் ஐந்து ஜிகாபைட் அளவுக்குப் படங்கள். அலுவலக வைஃபை கிடைத்தவுடன் அவை தாமாகவே மேகக் கிடங்குக்கு ஏற ஆரம்பிக்கின்றன. வெளியே அனுப்பும் வேகம் விநாடிக்கு 20 மெகாபிட் என்றால் முழு லைனையும் எடுத்துக்கொண்டாலும் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் ஆபீஸ் முழுக்க நெட் படுத்துவிடும். ஏற்றுவதுதானே நடக்கிறது, இறக்குவது ஏன் நிற்க வேண்டும்? இறக்குகிற ஒவ்வொருவரும் 'வந்து சேர்ந்தது' என்று சின்னச் சின்ன ரசீதுகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ரசீது வராவிட்டால் அந்தப் பக்கம் அனுப்புவதை நிறுத்திவைக்கும். அந்த ரசீதுகள் படங்களின் பின்னால் வரிசையில் மாட்டிக்கொள்கின்றன. ரவுட்டர் செய்கிறவர்கள் எந்தப் பொட்டலத்தையும் தொலைக்கக் கூடாது என்று வரிசையை நீளமாக்கி வைத்ததுதான் இதில் பெரிய குற்றவாளி. ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் இதை விரிவாக எழுதிக் காட்டினார். ஃபோனுக்குச் சொந்தக்காரர் அப்போது கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கலாம். வரைபடத்தில் அவர் பெயர்தான் உச்சியில் நிற்கும்.

இதற்குத் தீர்வு வரிசையைத் திருத்துவது. ஒரே நீள வரிசைக்குப் பதில் ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு சிறு வரிசை வைத்து, முறைபோட்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பொட்டலம் எடுத்து அனுப்பினால் படங்களும் போகும், ரசீதுகளும் போகும். 2018 ஜனவரியில் இது ஒரு பொது ஆவணமாகவே வெளிவந்தது. அதே வருடம் லினக்ஸில் சேர்க்கப்பட்ட 'கேக்' என்கிற ஏற்பாடு இன்னும் ஒரு படி போகிறது: ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சம பங்கு. நாற்பது பேரில் ஒருவர் முந்நூறு உரையாடல்கள் திறந்தாலும் பங்கு ஒன்றுதான். கூட்டம் இல்லாத நேரத்தில் முழு லைனும் அவருக்கே. கவனியுங்கள், இங்கே தனித்தனிக் கம்ப்யூட்டரின் பங்கு கணக்கிடப்படுகிறது. ஆனால் பேரேடு இல்லை. பொட்டலம் போனவுடன் கணக்கும் மறந்துபோகிறது. பந்தியில் இலைக்கு ஒரு கரண்டி என்று பரிமாறிக்கொண்டு போகிறவர், யார் எத்தனை தரம் சாப்பிட்டார் என்று நோட்டில் எழுதுவதில்லை, பாருங்கள். பங்கீட்டுக்கு அளவு தேவை; அளவுக்கு நினைவு தேவையில்லை. தனித்தனிப் பதிவு இல்லாமல் லைனை நிர்வகிக்க முடியாது என்ற வாதம் இங்கே விழுந்துவிடுகிறது. அதன் பிறகும் பதிவு வேண்டும் என்று கேட்டால் அதற்கு வேறு காரணம் சொல்லியாக வேண்டும்.

வேறு காரணங்கள் இல்லாமலில்லை. வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர் ஒன்று நடுராத்திரியில் ஆயிரக்கணக்கான எண்களுக்குக் குப்பை அனுப்பிக்கொண்டிருந்தால் அது எந்தக் கம்ப்யூட்டர் என்று கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டும். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிற ஊழியரை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர், பெரும்பாலும் எல்லோர் திட்டும் வாங்குகிறவர். அவரிடம் 'அந்தாளோட லிஸ்ட்டைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க' என்று ஒரு மேனேஜர் வாய்மொழியாகக் கேட்கிற கணம்தான் நமக்கு முக்கியம். அந்தக் கணத்தில் மறுப்பதற்கு அவர் கையில் ஒரு விதி இருக்கிறதா?

இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பிரதி நம்மிடம் இருக்கிறது, நீதிமன்ற ஆவணமாகவே. ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகரத்துத் தனியார் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பொறியாளர், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று முதலாளி கேட்டதன்பேரில் யாஹூ மெசஞ்சரில் ஒரு கணக்குத் தொடங்கினார். கம்பெனிச் சாதனங்களைச் சொந்த உபயோகத்துக்குத் தொடக் கூடாது என்று விதி. இன்டர்நெட்டையும் ஃபோனையும் ஜெராக்ஸ் மிஷினையும் சொந்தமாகப் பயன்படுத்திய ஒரு பெண் ஊழியரை வேலையைவிட்டு நீக்கியதைச் சொல்லி எச்சரிக்கும் சுற்றறிக்கையும் வந்தது. 2007 ஜூலை 5 முதல் 13 வரை அவருடைய உரையாடல்கள் பதிவாயின. 13ஆம் தேதி மாலை 4.30 மணிக்குக் கூப்பிட்டார்கள். சக ஊழியர்களைவிட அவருடைய இன்டர்நெட் உபயோகம் அதிகம் என்று காட்டும் வரைபடங்களைக் கொடுத்தார்கள். உள்ளடக்கமும் எடுக்கப்பட்டதா என்று சொல்லவில்லை. வேலைக்காக மட்டுமே பயன்படுத்தினேன் என்று எழுதிக் கொடுத்தார். 5.20க்கு மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை மேசைமேல் 45 பக்கம்: சகோதரனிடமும் மணக்கவிருந்த பெண்ணிடமும் பேசியவை, சில மிக அந்தரங்கமானவை. ஆகஸ்ட் 1 அன்று வேலை போனது.

4.30க்கும் 5.20க்கும் நடுவே ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தில்தான் நம் கட்டுரையின் முதல் பத்தியில் சொன்ன தாவல்கள் இரண்டும் நிகழ்ந்து முடிந்திருக்கின்றன. வரைபடம் அங்கே அளவைச் சொல்லும் பொருளாக இல்லை. பொய் சொல்ல வைக்கும் பொறியாக இருந்தது. அந்த 45 பக்கத்தின் எடை என்ன? பக்கத்துக்கு மூவாயிரம் பைட் என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் ஒரு லட்சத்து 35 ஆயிரம் பைட். மேலே சொன்ன லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் 64 கிலோபிட் லைனில் பதினேழு விநாடி. 100 மெகாபிட் லைனில் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு. வழியில் சேரும் சுமைகளை எல்லாம் கூட்டி அதைப் பத்து மடங்காக்கினாலும் லைனுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. பேண்ட்விட்த் அங்கே பிரச்சினையாக இருக்கவே முடியாது. பேண்ட்விட்தின் மொழி மட்டும் உபயோகப்பட்டது.

வழக்கு பத்து வருடம் நடந்தது. ருமேனிய நீதிமன்றங்கள் முதலாளி பக்கம் நின்றன. ஸ்ட்ராஸ்பர்கிலும் 2016 ஜனவரியில் ஆறுக்கு ஒன்று என்று தோற்றார். பிறகு அதன் பேரமர்வு 2017 செப்டம்பர் 5 அன்று பதினொன்றுக்கு ஆறு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 'பெர்புலெஸ்கு எதிர் ருமேனியா' என்று அது அறியப்படுகிறது. முதலாளி கண்காணிக்கவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொன்னீர்களா, போக்கை மட்டும் பார்த்தீர்களா உள்ளடக்கத்தையும் பார்த்தீர்களா, அதற்குக் காரணம் என்ன, அதைவிடக் குறைந்த ஊடுருவலில் காரியம் முடிந்திருக்காதா, கிடைத்ததை எதற்குப் பயன்படுத்தினீர்கள், ஊழியருக்கு என்ன பாதுகாப்பு வைத்தீர்கள் என்று கேட்டது. நியாயமான கேள்விகள். வேலை போனவருக்கு அவை பத்து வருடம் பிந்தி வந்தன.

இங்கே பெந்தாமின் வட்டச் சிறையை, பனாப்டிகானை, இழுத்து வருவது நம்மிடையே வழக்கம். ஃபூக்கோ 1975இல் எழுதிய நூல் வழியே அது நமக்குச் சிறையாக மட்டுமே பதிந்திருக்கிறது. ஆனால் அந்த யோசனை பிறந்தது தொழிற்கூடத்தில். ஜெரமி பெந்தாமின் தம்பி சாமுவேல், ரஷ்யப் பேரரசில் இளவரசர் பொதெம்கினின் கிரிச்செவ் பண்ணையில் (இன்றைய பெலாரஸ்) தொழிலாளர்களை மேற்பார்வையிடுவதற்காக வகுத்த கட்டட அமைப்பு அது. அங்கே தம்பியைப் பார்க்கப் போயிருந்த ஜெரமி 1787இல் அதைக் கடிதங்களாக எழுதி, சிறைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் விரித்தார். தொழிலிலிருந்துதான் சிறைக்குப் போனது. நாம் தலைகீழாக வாசித்துப் பழகிவிட்டோம்.

அதுபோக, அலுவலக நெட்வொர்க்கில் நடப்பது பனாப்டிகானும் அல்ல. பனாப்டிகானில் நடுவே கோபுரம் தெரிய வேண்டும். உள்ளே ஆள் இருக்கிறானா என்பது தெரியக் கூடாது. பார்க்கப்படலாம் என்ற எண்ணமே உடம்பைத் திருத்தும். பேரேட்டுக்குக் கோபுரம் கிடையாது, பார்க்கிற ஆளும் கிடையாது. எல்லோருடையதும் எப்போதும் எழுதப்படுகிறது, எவரும் படிப்பதில்லை. ஒரு நாள் ஒருவர் வேண்டாதவராகிறார்: சங்கம் வைக்கிறார், மேலதிகாரியோடு முரண்படுகிறார், கர்ப்பமாகிறார். அன்றைக்குப் பின்னோக்கிப் போய் அவர் பக்கங்கள் மட்டும் வாசிக்கப்படுகின்றன. ஆறு மாதப் பேரேட்டில் எவருக்கும் ஏதோ ஒரு மதியம் அகப்படும். பனாப்டிகான் எல்லோரையும் ஒழுங்காக்கப் பார்த்தது. பேரேடு எல்லோரையும் குற்றவாளியாக்கும் சாத்தியத்தைக் கிடப்பில் வைத்திருக்கிறது. தேவைப்படும்போது ஒருவரை எடுத்துக்கொள்ளும். பார்வை முந்தியா, பதிவு முந்தியா என்பது சின்ன வித்தியாசமாகத் தோன்றலாம். எதிர்ப்பின் இடம் அதனால் மாறுகிறது. கோபுரத்தை நோக்கிக் கத்திப் பிரயோஜனமில்லை. பேரேட்டைத் திறக்கும் கையைத்தான் பிடிக்க வேண்டும்.

அளவுகருவியையே பிடித்து நிறுத்தியவர்களும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வாட்டர்டவுன் ராணுவத் தொழிற்சாலையில் டெய்லர் முறைப்படி ஸ்டாப்வாட்சோடு ஆட்கள் பின்னால் வந்து நின்றபோது, 1911 ஆகஸ்டில் வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். 1915இல் அந்நாட்டு நாடாளுமன்றம், ராணுவத் தொழிற்சாலைகளுக்கு ஒதுக்கிய பணத்தை ஸ்டாப்வாட்ச் பிடிப்பதற்குச் செலவழிக்கக் கூடாது என்று விதி போட்டது. இதைவிடச் சின்ன வெற்றி ஒன்று அண்மையில் நடந்தது. மைக்ரோசாஃப்ட் 2020இல் 'உற்பத்தித்திறன் மதிப்பெண்' என்று ஒன்றை அலுவலக மென்பொருளோடு கொடுத்தது. எந்த ஊழியர் எத்தனை நாள் மின்னஞ்சல் அனுப்பினார், எத்தனை நாள் அரட்டையில் இருந்தார் என்று பெயரோடு காட்டியது. கண்டனம் எழுந்தது. அதே வருடம் டிசம்பர் 1 அன்று தனிநபர் பெயர்களை எடுத்துவிடுவதாகக் கம்பெனி அறிவித்தது. பெயரை எடுத்த பிறகும் கருவி தொடர்ந்து வேலை செய்தது. அப்படியானால் பெயர் அங்கே எதற்காக இருந்தது?

நம் நாட்டுக்கு வருவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னது. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஏழாம் பிரிவோ, வேலை சம்பந்தமான நோக்கங்களுக்கும் முதலாளியை நஷ்டத்திலிருந்தோ பொறுப்பிலிருந்தோ காப்பாற்றுவதற்கும் ஊழியரின் சம்மதம் இல்லாமலே அவர் தரவைக் கையாளலாம் என்கிறது. 'வேலை சம்பந்தமான' என்ற சொல்லுக்குள் எதைத்தான் அடக்க முடியாது? இன்னொரு பக்கம், செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, கம்பெனிகள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. தாக்குதல் நடந்தால் துப்புத் துலக்க என்பது காரணம். ஆகவே 'எதையும் எழுதி வைக்காதே' என்று கம்பெனியிடம் கேட்கும் பாதை இங்கே பாதி அடைபட்டுவிட்டது. கேட்கக்கூடியது வேறு: பாதுகாப்புக்காக வைத்த பேரேட்டை ஒழுக்க விசாரணைக்காகத் திறக்கக் கூடாது. திறப்பதானால் எழுத்தில் காரணம் வேண்டும், இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் ஊழியர் தரப்பு. திறந்த விவரம் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லப்பட வேண்டும். அவரவர் பக்கத்தை அவரவர் பார்க்க முடிய வேண்டும். 181ஆம் நாள் அழிக்கப்பட வேண்டும். இவற்றைச் சங்கங்கள் போனஸ், ஷிஃப்ட் பேச்சுவார்த்தையோடு சேர்த்துக் கேட்கலாம். லைன் மெதுவாக இருக்கிறது என்ற பேச்சை நிர்வாகம் எடுத்தால், முதலில் வரிசையைத் திருத்தியாகிவிட்டதா, மொத்த லைனின் வரைபடத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சுவரில் போடுகிறீர்களா என்று திருப்பிக் கேட்கலாம். பெயர் இல்லாத அந்தப் பச்சை-நீல வரைபடத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. உச்சி எங்கே வருகிறது என்று எல்லோரும் பார்த்துவிட்டால், பெரிய கோப்புகளைச் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளிப்போடும் பேச்சு தானாக வரும்.

கடைசியாக நம் இடங்கள். சங்க அலுவலகம், இயக்க அலுவலகம், பத்திரிகை அச்சாகிற அறை. இங்கேயும் ஒரு லைன்தான், பத்துப் பேர்தான். ஏதாவது ஒரு தோழர் 'யாரு இழுக்குறான்னு பாப்போம்' என்று ஆர்வத்தில் ரவுட்டரில் பதிவு வசதியைப் போட்டுவைத்திருப்பார். பிறகு மறந்திருப்பார். வந்துபோகிறவர்களுடைய ஃபோன்கள் எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு அந்த அறையில் இருந்தன என்பதுகூட அதில் கிடக்கும். சோதனைக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் துண்டறிக்கைகளையும் முகவரி நோட்டையும் எடுத்துப் போனார்கள். சுவரில் மாட்டியிருக்கிற அந்தச் சின்ன டப்பாவையும் கழற்றிக்கொண்டு போகத் தெரிந்தவர்கள்தான் இன்று வருகிறார்கள். அதன் நிர்வாகப் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, பெட்டியில் பின்பக்கம் ஒட்டியிருக்கிற பழைய பாஸ்வேர்டே இன்னும் ஓடுகிறதா, பதிவு எத்தனை நாளைக்கு நிற்கிறது என்று அடுத்த கூட்டத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். பத்து நிமிட வேலை.